ஒரு நெல்லளவு கீழ

காதியார் எல்லாவற்றையும் எழுதினார்.
பிள்ளைகள் உம்மாவிடம்,
மோட்டார் சைக்கிள் அவரிடம்,
மாதம் இவ்வளவு, பத்தாம் திகதிக்கு முன்.
வீட்டைப் பற்றிப் பேச்சே வரவில்லை;
எங்கட பக்கம் வீடு பெண்ணுடையது,
வெளியே போகிறவர் ஆண்தான்.
ஒரு பயணப்பையும் நீளக் கரண்டியுமாய்ப் போனார்.
பெருநாள் புரியாணியை இனி யார் ஆக்குவது என்று
காதியாரும் கேட்கவில்லை,
எங்களுக்கும் தோன்றவில்லை.

பதினாறு வருசம் அது அவர் கைச் சமையல்.
நான் குசினிக்குள் வந்தால் "நீ போய்க் குளி" என்பார்.
தயவில் இல்லை.
தன் சட்டிக்குள் வேறொரு கை விழுவது பிடிக்காது.

இன்று சுபஹுக்குப் பிறகு
நிந்தவூர் முழுக்க நெய் காய்கிறது.
பள்ளி ஒலிபெருக்கியில் தக்பீர்.
ஜெஸீமா வெங்காயம் அரிந்து அழுகிறாள்.
அவள் மாப்பிள்ளை கட்டாரில், இது மூன்றாவது பெருநாள்;
ஆனாலும் வெங்காயத்தின் கணக்கிலேயே அதை விட்டுவிட்டோம்.
இறைச்சி வெந்தாயிற்று.
ரம்பை, கறுவா, ஏலம், கராம்பு
இதெல்லாம் கடைக்காரனே சொல்லுவான்.
கீரிச்சம்பா இரண்டரைக் கிலோ
கழுவி, சட்டிக்குள் கொட்டி, பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.
தண்ணீர்தான்.
தண்ணீரை அவர் எந்தக் கோப்பையாலும் அளந்ததில்லை.

ஹிக்மா யாரிடமும் கேட்கவில்லை.
போனை அரிசிவாளி மூடியில் வைத்து
ஸ்பீக்கரைப் போட்டாள்.

"வாப்பா, தண்ணி எவ்வளவு?"

அந்தப் பக்கம் மின்விசிறி இரைந்தது.
கல்முனையில், புடைவைக்கடைக்கு மேல் அறை.
நான் இஞ்சி இடித்தேன்,
ஏற்கெனவே இடித்த இஞ்சியை.

"அரிசிக்கு மேல விரலை வை.
ரெண்டாம் ரேகை மட்டும்."
"ஆர்ர விரல்?"
"ஏன், ஆர் ஆக்குற?"
"உம்மா."

மின்விசிறி.

"உம்மாட விரல் நீளம்.
ரேகைக்கு ஒரு நெல்லளவு கீழ."

ஜெஸீமாவின் கத்தி நின்றது.
சின்னவன் மட்டும், புதுச் சேர்ட்டில்,
"வாப்பா, என்ட பெருநாள் காசு!" என்று கத்தினான்.

விரலை விட்டேன். குளிர்ந்த தண்ணீர்.
கிழமைக் கணக்கில் என்னோடு பேசாமல்
சுவரைப் பார்த்துச் சாப்பிட்ட மனுசன்
இதை எப்போது அளந்தார்?
எனக்குக் கோபம்தான் வந்தது.
நெருப்பை மூட்டினேன்.

சஹனைச் சுற்றி ஆறு பேர் குந்துவோம்.
இன்று ஐந்து.
ஓர் ஆள் அகலத்துக்கு வட்டம் திறந்து கிடந்தது;
அந்தப் பக்கத்துச் சோற்றில்
யாருடைய கையும் படவில்லை.
கொஞ்ச நேரம்தான்.
பிறகு சின்னவன் எட்டி
அங்கிருந்த பெரிய துண்டு இறைச்சியைத் தூக்கினான்.
நல்லதாய்ப் போயிற்று, எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தோம்.
சோறு உதிரியாய் இருந்தது.
அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மூத்தவன் இன்ஷாப் அடுக்குச்சட்டியைக் கேட்டான்.
நிரப்பியவள் ஜெஸீமா.
நான் மூடியை அழுத்தினேன், அவ்வளவுதான்.
மேல்தட்டில் வட்டிலப்பம் வைத்தது யாரென்று
இந்தக் கவிதையில் வராது.
காரைதீவையும் சாய்ந்தமருதையும் கடந்து
சைக்கிளில் போய்
லுஹருக்குப் பிறகு வந்தான்.

"என்னவாம்?" என்றாள் ஜெஸீமா.
"உப்புக் கொஞ்சம் குறைவாம்."

குறைவுதான்.

அடுக்குகளைப் பிரித்தேன். ஒன்றும் கழுவியிருக்கவில்லை.
ஒருநாளும் கழுவியவரில்லை.
காதியார் முன்னால் நான் சொன்ன பன்னிரண்டு காரணங்களில்
இது ஒன்பதாவது.
குழாயைத் திறந்து, நெய்ப்பசை போகத் தேய்க்கையில்
சவர்க்கார நுரைக்குள்
அந்த விரல்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் எழுபது நாள் அளவில்.
அதற்குள் இது வளராது.